தலைக்கு மின்வெட்டு கிடையாது

கொனாடு: அப்போ இந்த அலமாரியில இல்லேங்கிற?

செர்வா: எது?

கொனாடு: பைதான்டி! பச்சைப் பை. ஓரத்துல ஒரு கிழிசல் இருக்கும். அன்னைக்கு தலை பின்னிக்க வந்தப்ப இங்கதான் வெச்சேன். இதே தட்டுல.

செர்வா: மொதல்ல உக்காரு. காலங்காத்தால கடை திறக்கிறதுக்கு முன்னாடியே மூச்சிரைக்க வந்து நிக்கிற. மால்ட்டு குடிக்கிறியா? ஜில்லுனு இருக்கு.

கொனாடு: மால்ட்டு வேணாம். பை வேணும்.

செர்வா: பை இருக்கு.

கொனாடு: அப்பாடா... இப்பதான் உயிரே வந்துச்சு. ரெண்டு வாரமா அது லேப் பீரோவுலதான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். நேத்து திறந்து பார்க்கிறேன், காணோம். ராத்திரி பூரா தூக்கமில்ல.

செர்வா: இந்தா. என்ன பார்க்கிற?

கொனாடு: செர்வா, இது காலியா இருக்கு.

செர்வா: பை இருக்குன்னுதானே சொன்னேன்.

கொனாடு: விளையாடாத. உள்ள வெள்ளிக் காகிதத்துல சுத்தி, கறுப்பா ஒரு நூல் கத்தை இருந்துச்சே?

செர்வா: அது நூலா?

கொனாடு: பின்ன என்னவாம்?

செர்வா: மொழுமொழுன்னு... முடியாட்டம்ல இருந்துச்சு...

கொனாடு: இருந்துச்சா? எப்படி இருந்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்? பிரிச்சியா?

செர்வா: கொனாடு, நீயே நியாயம் சொல்லு. என் கடைக்கு வர்றவங்க பையில என்ன கொண்டுவருவாங்க? சவுரி. அந்த அலமாரியில இருக்கிற அத்தனை பையிலயும் சவுரிதான். கெஜேட்டியா சந்தையில அவங்கவங்க பிடிச்ச சவுரிய வாங்கிட்டு வந்து "இத வெச்சுப் பின்னு"ன்னு குடுக்கிறாங்க. குமாசி முழுக்க இதான் வழக்கம். நீ மட்டும் பையில லேபையே வெச்சுக்கிட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்?

கொனாடு: ஐயோ... நீ... அத எடுத்துப் பின்னிட்டியா?

செர்வா: கத்தாத. வாசல்ல பொம்பளைங்க வந்து உக்கார ஆரம்பிச்சுட்டாங்க. நாளைக்கு சனிக்கிழமை, ஊர்ல நாலு இடத்துல சாவுக் காரியம். அத்தனை தலையும் எனக்குத்தான்.

கொனாடு: ஆறு மாசம்டி! ஆறு மாசம் சொட்டுச் சொட்டா காய்ச்சி, இழை இழையா நூத்த பாலிமர் நூல் அது!

செர்வா: சவுரியும் பிளாஸ்டிக்குதான். இதுல மட்டும் என்ன ஒசத்தி?

கொனாடு: ஒசத்தியா? இது காயத்துக்குத் தையல் போடற நூல். நூத்த உடனே இழுத்து நீட்டி வெச்சிருக்கோம். உடம்புச் சூடும் ஈரமும் சேர்ந்து படப் பட, தானா பழைய நீளத்துக்கு சுருங்கும். டாக்டர் லூசா ஒரு முடிச்சு போட்டு விட்டாப் போதும், அதுவே இறுகிக்கும். காயம் ஆறின பிறகு கரைஞ்சு போயிடும்.

செர்வா: ஓ! நல்ல நூலாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?

கொனாடு: எங்கடி இறுகுது? கணக்குப்படி இறுகணும். லேப்ல ஒரு தடவகூட இறுகல.

செர்வா: ஏனாம்?

கொனாடு: உடம்புச் சூட்டுல இருக்கிற வெந்நீர்த் தொட்டியில போட்டு, நாள்கணக்கா அப்படியே வெச்சிருக்கணும். சூடு எறங்கவே கூடாது. நம்ம ஊர்ல நடக்குமா? ரெண்டாம் நாள் சாயங்காலம் தும்சோ.

செர்வா: கரண்டு போச்சா?

கொனாடு: போகாம? போகும், வரும், மறுபடி போகும். தண்ணி ஆறிடும். நூல் "எனக்கென்ன"ன்னு மிதக்கும். நான் மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பேன்.

செர்வா: ஜெனரேட்டர் இல்லியா?

கொனாடு: இருக்கு. எங்க ப்ரொஃபசர் ரூம் ஏசிக்கு.

செர்வா: எலி, முயல் எதுக்காவது போட்டுப் பார்க்கலாமே? அதுங்களுக்கும் உடம்பு சூடுதானே?

கொனாடு: எலிக்குப் போட்டோம். தோலுக்கு ஒண்ணும் ஆகல, நல்லபடியா இருந்துச்சு. ஆனா நூல் இறுகறதுக்குள்ள அது கடிச்சுத் துப்பிடுச்சு.

செர்வா: ஹா ஹா... மன்னிச்சுக்கோ. சிரிக்கல. சரி, நீ சொல்லு.

கொனாடு: சிரி. திங்கக்கிழமைக்கு அப்புறம் ஊரே சிரிக்கும். அன்னைக்கு, மனுஷங்க மேல வெச்சுப் பார்க்க அனுமதி குடுக்கிற குழு கூடுது. நூல் இறுகுதுங்கிறதுக்கு ஒரு ஆதாரமாவது காட்டலைன்னா வேலைய மூடிடுவேன்னு ப்ரொஃபசர் சொல்லிட்டார். அந்தக் கத்தைதான் கடைசி. இந்த சனி ஞாயிறு யாராவது ஜெனரேட்டர் வெச்சிருக்கிறவங்க வீட்டுல போயி, சமையல்கட்டுல குந்திக்கிட்டாவது வெந்நீர்ல வெச்சுப் பார்த்துடலாம்னு இருந்தேன்... சொல்லு. யார் தலையில?

செர்வா: சொன்னா அடிக்கக் கூடாது.

கொனாடு: சொல்லலைன்னாதான் அடிப்பேன்.

செர்வா: பிராகோ அம்மா.

கொனாடு: எந்த பிராகோ?

செர்வா: நான் அம்மான்னு கூப்பிடற பிராகோ எத்தனை பேர் இருக்காங்க? தக்காளி ராணி.

கொனாடு: அந்த மால்ட்டக் குடு.

செர்வா: மெதுவாடி, மூக்குல ஏறப்போகுது! என்ன இப்படி முழுங்குற? அவங்க சந்தையில தக்காளிக்காரங்க தலைவி. வாய் கொஞ்சம் நீளம். மத்தபடி தங்கமான மனுஷி.

கொனாடு: திங்கக்கிழமை கூடற குழுவுல யாரெல்லாம் இருக்காங்க தெரியுமா? அஞ்சாறு டாக்டருங்க. ஒரு வக்கீல். ஒரு பாதிரியார். அப்புறம் ஊர் ஜனங்க சார்பா ஒரே ஒரு ஆள். போன தடவ நாங்க கேட்டப்ப, "நூல் என்ன பண்ணும்னு மொதல்ல உங்களுக்கே தெரியட்டும். அப்புறம் எங்க பொம்பளைங்க மேல கை வைங்க"ன்னு மேஜையத் தட்டினது அந்த ஒரு ஆள்தான்.

செர்வா: யாரு?

கொனாடு: உன் தங்கமான மனுஷி.

செர்வா: ...எனக்கும் ஒரு மால்ட்டு வேணும் போலிருக்கே.

கொனாடு: எப்படிடி நடந்துச்சு? அவங்க சவுரி அவங்க கொண்டுவரலியா?

செர்வா: கொண்டுவந்தாங்க. பாதியில தீர்ந்துபோச்சு. பின்பக்கம் முடிச்சிட்டேன், முன்னாடி நெத்தியச் சுத்தி பாக்கி. நீ காலையிலயே ஓடிட்ட. சரி, உன் பையில மிச்சம் கிடக்கேன்னு எடுத்தேன். அப்புறம் உனக்கு வாங்கிக் குடுத்துடலாம்னு...

கொனாடு: மிச்சமா? என்ன மிச்சம்?

செர்வா: மிச்சம்னா... இருந்துச்சுல்ல, அது. பேச்சுக்கு சொல்றதுதான். அத விடு. விஷயத்தக் கேளு. அந்த அம்மா மூணு நாளா போன் மேல போன் போடறாங்க. நான் எடுக்கிறதில்ல.

கொனாடு: ஏன்? என்னவாம்?

செர்வா: இறுகுதாம்.

கொனாடு: ...என்ன சொன்ன?

செர்வா: தலை இறுகுதாம்டி. என் கை இறுக்கம் ஊருக்கே தெரியும். நான் பின்னினா ரெண்டு நாள் வலிக்கும், தலகாணியில தலை வெக்க முடியாது. அப்புறம் தளர்ந்துடும். அதுக்குத்தானே என்கிட்ட வர்றாங்க? இவங்களுக்கு தளரவே இல்லியாம். நாளுக்கு நாள் இன்னும் இறுகுதாம்.

கொனாடு: நாளுக்கு நாளா?

செர்வா: ஆமாங்கிறேன்.

கொனாடு: நாளுக்கு நாள்! செர்வா! செர்வா! நாளுக்கு நாள் இறுகுது!

செர்வா: ஏய், விடு! இடுப்ப விடுடி! வெந்நீர் வாளி கவுந்துடப் போகுது!

கொனாடு: புரியலியா உனக்கு? தலையில எப்பவும் ஒரே சூடு. சந்தை வெயில்ல வேர்வை. ராத்திரியும் பகலும், விடாம! என் தொட்டிக்குத்தான் கரண்டு போகும். தலைக்கு தும்சோ கிடையாதுடி!

செர்வா: அப்போ நான் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். அடிக்க வந்தியே.

கொனாடு: இப்பவும் அடிக்கணும். அந்தப் பின்னல நான் பார்க்கணும். அளக்கணும்.

செர்வா: சுலபம். அவங்கள வரச்சொல்லி, "இறுகுதுல்ல, பிரிச்சிடறேன்"னு பிரிச்சு உன் கையில குடுத்துடறேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.

கொனாடு: சொல்லாமலா?

செர்வா: சொல்லாமத்தான்.

கொனாடு: முடியாது. ஒருத்தர் உடம்புல கேக்காம ஒண்ண வெக்கிறதே தப்பு. வெச்சதையும் மறைச்சு, அத அளந்து, குழுவுக்கு முன்னாடி கொண்டுபோயி வெக்கிறதா? அதுவும் அந்த அம்மாவையே உக்காரவெச்சுக்கிட்டு?

செர்வா: சொன்னா என் கடை போச்சு. அவங்க சந்தையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தக்காளிக்காரங்க, மீன்காரங்க, துணிக்காரங்க, ஒருத்தி இந்த வாசல மிதிக்க மாட்டா. நீ பாட்டுக்கு லேப்ல கோட்டு மாட்டிக்கிட்டு நிப்ப. நான் யார் தலையப் பின்றது? பிரிக்கிற வரைக்கும் வாயத் திறக்காத. கெஞ்சிக் கேக்கிறேன். பிரிச்சு முடிச்ச பிறகு நானே சொல்றேன்.

கொனாடு: சத்தியமா?

செர்வா: சத்தியமா.

கொனாடு: சரி. இரு... அந்தக் கத்தை பெருசாச்சே. நெத்தியச் சுத்திப் போட பாதிகூட ஆகாது. மீதி பாதி எங்க?

செர்வா: அத... அப்புறம் சொல்றேன்.

கொனாடு: அப்புறமா? செர்வா, என் மூஞ்சியப் பாரு. இன்னொரு தலை இருக்கா?

செர்வா: கார் சத்தம் கேக்குது.

கொனாடு: காரும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னொரு தலை இருக்கான்னு...

பிராகோ: செர்வா! ஏன்டி, போன எடுத்தா கை வெந்து போயிடுமா?

செர்வா: வாங்க, வாங்க ராணியம்மா! இப்பதான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

பிராகோ: பேசுவ. எனக்கு பின்னி விட்டியா, இல்ல ஆணி அடிச்சு விட்டியா? பாரு. என் புருவம் எங்க இருக்கு பாரு.

செர்வா: இருக்கே... இருக்கிற எடத்துலதான்...

பிராகோ: நெத்தியில பாதி தூரம் ஏறிடுச்சு. எதப் பார்த்தாலும் திகைச்சுப் போன மாதிரியே இருக்கேன். நேத்து ஒரு லாரிக்காரன் கூடைக்கு விலை சொன்னான். நான் வாயே திறக்கல. சும்மா அவனப் பார்த்தேன். அவனா பயந்துக்கிட்டு குறைச்சுட்டான்.

செர்வா: ரொம்ப வலிக்குதாம்மா?

பிராகோ: தும்மக்கூட பயமா இருக்கு.

செர்வா: உக்காருங்க. ஒரு நிமிஷம். பிரிச்சு விட்டுடறேன்.

பிராகோ: பிரிக்கிறதா? யார் பிரிக்கச் சொன்னா?

செர்வா: வலிக்குதுன்னீங்களே?

பிராகோ: வலிக்குது. அதுக்குப் பிரிக்கணுமா? கன்னத்தப் பாருடி. தொங்கல் எங்க? இந்தக் கண்ணோரச் சுருக்கம் எங்க? போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாதிரியார் என்னப் பார்த்து "உங்க அம்மா வரலியா?"ன்னு கேட்டார். என்னையே யாருன்னு தெரியல அவருக்கு!

செர்வா: அடேயப்பா.

பிராகோ: வெங்காயக்காரங்க தலைவி பொறாமையில ரெண்டு நாளா சோறு திங்கலியாம். நான் வந்தது பிரிக்க இல்ல. பின்னாடியும் இதே மாதிரி போட்டு விடு. கழுத்தும் கொஞ்சம் மேல ஏறட்டும்.

செர்வா: அது முடியாதும்மா... அந்த சவுரி... தீர்ந்துபோச்சு.

பிராகோ: எந்தக் கடையில வாங்கின? சொல்லு, நான் மூட்டையோட எடுத்துட்டு வர்றேன்.

செர்வா: கடையில எல்லாம் கிடைக்காது...

பிராகோ: அப்போ பிரிக்கவும் விட மாட்டேன். நாளைக்கு எங்க மச்சான் வருஷக் காரியம். ஊரு உலகமே வருது. இந்தத் தலையோடதான் போறேன். இது யாரு மூலையில? மால்ட்டு பாட்டிலக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு?

கொனாடு: வணக்கம்மா.

பிராகோ: எங்கேயோ பார்த்த முகமா இருக்கே.

கொனாடு: குழுவுல பார்த்திருக்கீங்க. தையல் நூல்...

பிராகோ: ஆங், நூல்காரப் பொண்ணு! என்ன, திங்கக்கிழமைக்கு அழகு பண்ணிக்க வந்தியா? ஏற்கெனவே பின்னியிருக்கியே. செர்வா கைதானே?

கொனாடு: ஆமாம்மா.

பிராகோ: உனக்கும் இறுக்கமாத்தான் இருக்கா?

கொனாடு: தலை விண்ணு விண்ணுன்னுதான் இருக்கு. எனக்கு அது கவலையினாலம்மா. வேலையில...

செர்வா: எல்லாருக்கும் கவலைதான்! விலைவாசி இருக்கிற இருப்புல யாருக்கு இல்ல? ராணியம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?

கொனாடு: அம்மா, உங்க பின்னல நான் ஒரு தடவ தொட்டுப் பார்க்கலாமா?

பிராகோ: பாரேன். காசா பணமா?

கொனாடு: எவ்வளவு இறுகியிருக்கு! செர்வா, இங்க பாரு, முடிச்சு பக்கத்துல பாரு... மொழுமொழுன்னு இருக்கு, ஆனா நகம்கூட நுழையல. ஒரே சீரா... ஒரு இழைகூட அறுந்து போகல...

செர்வா: கொனாடு, பேசாம இரு.

பிராகோ: பேசட்டுமே. என்ன விஷயம்?

கொனாடு: அம்மா, இது சவுரி இல்ல.

செர்வா: போச்சு! எல்லாம் போச்சு!

பிராகோ: சவுரி இல்லியா? பின்ன என் தலையில என்ன இருக்கு?

கொனாடு: என் நூல். போன தடவ நீங்க மேஜையத் தட்டி வேணாம்னு சொன்னீங்களே, அதே தையல் நூல். என் பையை இங்க மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடது.

செர்வா: இல்லம்மா, நான்தான் எடுத்தேன். சவுரின்னு நெனச்சுத்தான்...

பிராகோ: ரெண்டு பேரும் வாய மூடுங்க. இது விஷமா?

கொனாடு: இல்லம்மா. சத்தியமா இல்ல. தோலுக்கு ஒண்ணும் பண்ணாது. அது ஒண்ணுதான் எங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டு மூணு மாசத்துல அதுவா கரைஞ்சு போயிடும். பிரிக்கணும்னா இப்பவே பிரிச்சிடலாம்.

பிராகோ: நீ எனக்கு சமாதானம் சொல்லாத. நான் எதுக்கு அந்தக் குழுவுல போயி உக்காந்திருக்கேன்? டாக்டருங்க பேசறது பாதி எனக்குப் புரியறதில்ல. ஆனா ஒண்ணு புரியும். யாரோ எதையோ கண்டுபிடிப்பாங்க, மொதல்ல யார் மேல போட்டுப் பார்ப்பாங்க? என் சந்தைப் பொம்பளைங்க மேல. அவங்கள யாரும் கேக்க மாட்டாங்க. அது நடக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் கடைய விட்டுட்டு வந்து மேஜையத் தட்டறேன். கடைசியில என் தலையிலயே! கேக்காம!

கொனாடு: நீங்க கோவப்படறது நியாயம்மா.

பிராகோ: நியாயம்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

கொனாடு: இல்லம்மா.

பிராகோ: அப்படியென்ன அவசரம் இந்த நூலுக்கு? உலகத்துல நூலே இல்லியா?

கொனாடு: இருக்கு. நிறைய இருக்கு. எங்க அக்காவுக்கு மொத பிரசவம், சின்ன ஊரு ஆஸ்பத்திரி. உள்ள ஆழத்துல கிழிஞ்சிருச்சு. கரண்டு இல்ல. மருத்துவச்சி டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு தையல் போட்டாங்க. விரல் எட்டாத எடத்துல முடிச்சு எப்படி இறுகும்? அவிழ்ந்து அவிழ்ந்து போச்சு. ரத்தம் நிக்கல. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்.

பிராகோ: ...இருக்காளா?

கொனாடு: இருக்காம்மா. பொழச்சுக்கிட்டா. வாய் பேசறதுல உங்களுக்கு சரியா நிப்பா. ஆனா இன்னொரு குழந்தை கூடாதுன்னுட்டாங்க. அன்னைக்கு நெனச்சேன், லூசா போட்டாலும் அதுவா இறுகிக்கிற மாதிரி ஒரு நூல் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்னு. வேற ஒண்ணும் பெருசா இல்லம்மா. அவ்வளவுதான்.

பிராகோ: ம்.

செர்வா: ராணியம்மா, உங்க நெத்தியப் பாருங்க. அந்த நூல்தான். அது சொன்னபடி செய்யுது. இப்பதான் மொத தடவையா செய்யுதாம். இவளுக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

பிராகோ: நீ நடுவுல வராத. உனக்குத் தனியா இருக்கு... ஏய் பொண்ணே.

கொனாடு: சொல்லுங்கம்மா.

பிராகோ: டெச்சிமான் பக்கத்திலிருந்து லாரி வந்தா, என் சந்தையில கூடைய எப்படி இறக்குவோம் தெரியுமா?

கொனாடு: தெரியாதும்மா.

பிராகோ: டிரைவர் மொதல்ல ஒரு தக்காளி கடிக்கணும். எல்லாருக்கும் முன்னாடி. நான் எடுத்துக் குடுக்கிறத. முழுங்கினான்னா கூடை இறங்கும். மூஞ்சி சுளிச்சான்னா லாரி வந்த வழியே போகும். எவ்வளவு பெரிய மொதலாளி அனுப்பின லாரியா இருந்தாலும் சரி. நீ கடிச்சியா?

கொனாடு: என்னம்மா?

பிராகோ: உன் நூல உன் உடம்புல வெச்சுப் பார்த்தியா? எலிக்கு வெச்ச. எனக்கு வெச்சுட்ட. உனக்கு?

கொனாடு: இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். வெச்சதில்ல.

பிராகோ: ஏன்?

கொனாடு: செய்யறவங்களே தன்மேல வெச்சுக்கிட்டா, மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும், கணக்க ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க... ஆனா உண்மையச் சொல்லணும்னா, எனக்குத் தோணவே இல்ல.

பிராகோ: தோணல. ம். நீ கடிச்சிருந்தேன்னா, திங்கக்கிழமை நானே வந்து குழுவுக்கு முன்னாடி தலைத்துண்ட அவுத்துக் காட்டியிருப்பேன். கை தூக்கியிருக்க மாட்டேன், என் தலையே சாட்சியா நிக்கும்போது நான் ஓட்டுப் போடறது முறையில்ல. ஆனா டாக்டருங்க ஒவ்வொருத்தரையும் வரிசையில வந்து தொட்டுப் பார்க்க வெச்சிருப்பேன்.

கொனாடு: நான் இன்னைக்கே வெச்சுக்கிறேன்மா. ஆனா நூல் இல்ல. மறுபடி நூக்க ஆறு மாசம் ஆகும். திங்கக்கிழமையோட எல்லாத்தையும் மூடிடுவாங்க.

பிராகோ: அது உன் கஷ்டம். எனக்கு உன்மேல கோவம்கூடக் குறைஞ்சுபோச்சு. உங்க அக்காவ நெனச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா கடிக்காத லாரிக்கு நான் ஒரு நாளும் கூடை இறக்கினதில்ல. உனக்காக இறக்கினா நாளைக்கு எல்லாருக்கும் இறக்கணும். நான் வர்றேன்.

கொனாடு: ...சரிம்மா. நீங்க சொல்றது சரிதான்.

பிராகோ: அழாத பொண்ணே. நல்ல நூலுதான். அடுத்த தடவ மொதல்ல நீ, அப்புறம் நாங்க.

செர்வா: ராணியம்மா, ஒரு நிமிஷம்! போயிடாதீங்க.

பிராகோ: இன்னும் என்னடி?

செர்வா: கொனாடு, என்ன அடிக்கிறதுன்னா அப்புறம் அடி. அன்னைக்கு நீ நாற்காலியில உக்காந்ததும் குறட்டை விட்டுத் தூங்கிட்ட. உங்க ப்ரொஃபசர் போன் வந்ததும் பாதித் தூக்கத்துல பையக்கூட விட்டுட்டு ஓடின. ஞாபகம் இருக்கா?

கொனாடு: இருக்கு. அதுக்கென்ன இப்போ?

பிராகோ: சீக்கிரம் சொல்லு, எனக்கு சந்தைக்குப் போகணும்.

செர்வா: இதோ பாருங்கம்மா, இந்த டிராயர்ல இருக்கிறது கொனாடு தனக்குப் பின்றதுக்குன்னு அன்னைக்கு வாங்கிட்டு வந்த சவுரி. பையோட அடியில கிடந்துச்சு, சாயங்காலம் பைய உதறினப்பதான் பார்த்தேன். பயத்துல இவகிட்ட இன்னி வரைக்கும் சொல்லல. நல்லாப் பாருங்க, சீல்கூட உடைக்கல... அப்போ ரெண்டு வாரமா இவ தலைய விண்ணு விண்ணுன்னு இழுத்துக்கிட்டிருக்கிறது எதுங்கிறீங்க?